வேலிக்கு ஒரு வேலி
(சிங்கப்பூர் இலஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவின் வரலாறு)

சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன் வட்டாரம் 1953-ஆம் ஆண்டில், இரண்டாம் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவை ஒட்டி அப்பெயரைப் பெற்றது. சதுப்பும் குன்றும் சிறு குடியிருப்புகளுமாகக் கிடந்த அந்நிலத்தில், அத்தீவின் முதல் துணை நகரத்தை அந்நாளைய சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை எழுப்பத் தொடங்கியது; 1960-இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அப்பணியை ஏற்று நடத்தியது. குவீன்ஸ்டவுனிலிருந்து இரயிலில் நகரை நோக்கி ஒரே ஒரு நிலையம் சென்றால் ரெட்ஹில் வரும். அங்கு லெங்கோக் பாரு வீதியில், 2004 முதல் இலஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவின் தலைமையகம் இருந்து வருகிறது. நகரமும் அதன் அண்டை வீடான இவ்வலுவலகமும் ஏறத்தாழ ஒரே வயதின. நகரத்துக்குப் பெயர் சூட்டுவதற்கு ஓராண்டு முன்னர், 1952 செப்டம்பரில் இப்பிரிவு பிறந்தது. அதன் பிறப்புக்குக் காரணமாயிருந்தது ஒரு கொள்ளை.

1951-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பொங்கோல் கடற்கரையை அடுத்து 1,800 இறாத்தல் எடையுள்ள அபின் கொள்ளை போயிற்று. அதன் மதிப்பு ஏறத்தாழ 4 இலட்சம் வெள்ளி. ஆசிரியர் ஒருவரின் மாதச் சம்பளம் சில நூறு வெள்ளியைத் தாண்டாத காலத்தில் அஃது எத்தகைய தொகை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அபின் அந்நாட்டுக்குப் புதிய சரக்கு அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அபின் குத்தகையே குடியேற்ற அரசாங்கத்தின் கருவூலத்தைப் பெரிதும் நிரப்பி வந்தது. 1910-இல் குத்தகையை நீக்கி அரசாங்கமே அவ்வாணிகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. போருக்குப் பின்னர், 1946-இல்தான் அது முற்றாகத் தடை செய்யப்பட்டது. நேற்றுவரை அரசாங்கத்தின் கடையில் விற்ற பொருள் இன்று கள்ளக் கடத்தல் பொருளாயிற்று. சட்டம் ஒரே நாளில் மாறலாம். அப்பொருளைச் சுற்றிப் பிழைத்தவர்களின் பழக்கம் ஒரே நாளில் மாறிவிடுமா?

கொள்ளையர் யார் என்று ஆராய்ந்தபோதுதான் அதிர்ச்சி காத்திருந்தது. அவர்களுள் மூவர் துப்பறியும் போலீசார். திருடனைத் தேடிப் பிடிக்க வேண்டியவர்களே திருட்டில் பங்கு கொண்டிருந்தனர். அத்தோடும் முடியவில்லை. ஆராய்ந்து செல்லச் செல்ல, பணம் பெற்றுக்கொண்டு குற்றத் தொழில்களுக்குப் பாதுகாப்பு அளிக்கும் வழக்கம் போலீஸ் படையில் பரந்து கிடந்தது வெளிப்பட்டது.

அக்காலத்தில் இலஞ்சக் குற்றங்களை விசாரிக்க ஓர் அமைப்பு இல்லாமற் போகவில்லை. ‘ஊழல் தடுப்புக் கிளை’ என்று ஒன்று இருந்தது. ஆனால் அது குற்றப் புலனாய்வு இலாகாவுக்குள்ளேயே இருந்த ஒரு சிறு கிளை. அதன் அலுவலர்கள் போலீசார், மேலதிகாரிகளும் போலீசார், விசாரிக்கப்பட வேண்டியவர்களும் போலீசார். காலையில் ஒருவனை விசாரித்துவிட்டு மாலையில் அவனோடு ஒரே உணவுக்கூடத்தில் அமர வேண்டிய நிலை. அன்றியும் இலஞ்சத்தை விசாரிப்பது அக்கிளையின் பல வேலைகளுள் ஒன்றே. கொலை, கொள்ளை முதலிய வழக்குகள் வந்தால் அவை முந்திக்கொள்ளும். ஆகவே அபின் கொள்ளையை ஆராய அரசாங்கம் தனிக் குழு ஒன்றை அமைக்க வேண்டியதாயிற்று. அக்குழுவின் உழைப்புக்குப் பின்னரும் தண்டனைக்கு உள்ளானவர் மிகச் சிலரே. ஆயினும் உண்மை ஒன்று நிலைபெற்றது: போலீசாரைப் போலீசார் விசாரிக்க முடியாது.

இவ்வுண்மையைக் கண்டறிய எண்பது ஆண்டு ஆயிற்று என்பது நினைக்கத்தக்கது. சட்டம் இல்லாத குறை என்று யாரும் சொல்ல முடியாது. மெக்காலே வகுத்த இந்தியத் தண்டனைச் சட்டத்தை (1860) முன்மாதிரியாகக் கொண்டு, நீரிணைக் குடியேற்றங்களுக்கென 1871-இல் ஒரு தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டது. அரசாங்க ஊழியர் கைக்கூலி பெறுவது குற்றம் என்று அது தெளிவாகவே கூறியது. அதன் பின் 1879-இலும் 1886-இலும் விசாரணைக் குழுக்கள் அமர்ந்தன. முன்னது போலீஸ் படையின் திறமைக்குறைவை ஆராய்ந்தது. பின்னது பொதுச் சூதாட்டத்தை ஆராய்ந்தது. ஆராய்ந்த பொருள் வேறு வேறாயினும் இரண்டும் போய் நின்ற இடம் ஒன்றே: போலீசாரின் இலஞ்சம். சூதாட்டக் கூடம் நடத்துவோன் போலீசுக்குப் பணம் கட்டுகிறான் என்பது அந்நாளில் கடைத்தெருவில் எல்லாரும் அறிந்த செய்தி. 1937-இல் ஊழல் தடுப்புக்கெனத் தனிச் சட்டமே வந்தது. எழுத்துக்கு எழுத்துச் சட்டம் இருந்தது. அதைக் கையில் எடுத்துச் செல்லக் கறைபடாத கை இல்லை.

போர் நிலைமையை மேலும் கெடுத்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசிக்கும் மருந்துக்கும் மக்கள் பட்டபாடு பெரிது. எதையும் கள்ளச் சந்தையில் வாங்கியே உயிர் பிழைக்கலாம் என்ற நிலையில், நேர்மை என்பது வயிறு நிறைந்தவனின் பெருமையாகத் தோன்றியிருக்கும். பிரிட்டிஷார் மீண்டு வந்து அமைத்த இராணுவ நிர்வாகம் (1945–46) பங்கீட்டைச் சீர்செய்யத் திணறிற்று. அந்நிர்வாகத்தின் ஆங்கில முதலெழுத்துகள் மூன்றும் அப்படியே பொருந்துமாறு, மக்கள் அதனைக் ‘கள்ளச் சந்தை நிர்வாகம்’ என்று ஏளனமாக விரித்துரைத்தனர். விலைவாசி ஏறிற்று, கீழ்நிலை ஊழியரின் சம்பளம் ஏறவில்லை. 1950-இல் போலீஸ் கமிஷனரே, அரசாங்க இலாகாக்களில் இலஞ்சம் மலிந்திருப்பதைத் தம் அறிக்கையில் ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு பொங்கோலில் அபின் போயிற்று.

1952-இல் புதிய பிரிவு போலீஸ் இலாகாவுக்குப் புறம்பாக அமைக்கப்பட்டது. பழைய உச்ச நீதிமன்றக் கட்டடத்தில் அதற்கு இடம் ஒதுக்கினார்கள். ஆனால் முதற் சில ஆண்டுகளில் அது பெயருக்கே தனி அமைப்பாக இருந்தது என்று சொல்வது மிகையாகாது. ஆட்கள் மிகக் குறைவு. அவர்களும் போலீஸ் படையிலிருந்து இரவல் பெறப்பட்டவர்கள். தவணை முடிந்ததும் திரும்பப் போய் அதே படையில் பதவி உயர்வுக்குக் காத்திருக்க வேண்டியவர்கள். சாட்சி சொல்ல வருவோர் பழிவாங்கப்படுவோமென அஞ்சினர். கையிலிருந்த 1937-ஆம் ஆண்டுச் சட்டமோ போதிய அதிகாரம் தரவில்லை. வீட்டை மாற்றினார்கள், வீட்டுக்குள் இருந்தவர்களை மாற்றவில்லை.

அதே 1952-ஆம் ஆண்டில் இந்தியா வேறொரு வழியைத் தேர்ந்தது என்பது வரலாற்று மாணவர்க்குச் சுவையான ஒப்பீடு. குற்றவியல் சட்டத் திருத்தம் ஒன்றின் மூலம், இலஞ்ச வழக்குகளை மட்டுமே விசாரிக்கச் ‘சிறப்பு நீதிபதிகள்’ நியமிக்கப்பட்டனர். சிங்கப்பூர் தனித் துப்பறிவாளரைத் தேடியது. இந்தியா தனி நீதிபதியைத் தேடியது. துப்பறியும் பொறுப்போ, போர்க்காலத்தில் 1941-இல் தோன்றிய சிறப்புப் போலீஸ் அமைப்பின் வழிவந்து 1963-இல் மத்தியப் புலனாய்வுத் துறையாக மலர்ந்த நிறுவனத்திடமும், மாநிலங்களில் 1964-இல் சென்னை இராஜ்யம் அமைத்தது போன்ற இலஞ்ச ஒழிப்பு இயக்ககங்களிடமும் இருந்தது. வழக்குத் தொடர அரசாங்கத்தின் முன் அனுமதியும் வேண்டும். தனி நீதிமன்றம் இருந்தால் மட்டும் நீதி விரைந்து வந்துவிடாது என்பதற்குத் தமிழ்நாட்டு மக்கள் நன்கறிந்த வழக்கே சான்று. முன்னாள் முதலமைச்சர் செல்வி ஜெ. ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கு 1996-இல் பதிவாயிற்று. அவர் மீண்டும் ஆட்சியில் இருந்த நிலையில், சென்னைத் தனி நீதிமன்றத்தில் வழக்கு நேராக நடவாது என்று கருதிய உச்ச நீதிமன்றம், 2003-இல் அதனைப் பெங்களூருக்கு மாற்றியது. 2014-இல் தண்டனை, 2015-இல் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் விடுதலை, 2017-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீண்டும் நிலைநாட்டியது. அதற்குள் முதல் எதிரி காலமாகிவிட்டார். இருபத்தோராண்டு! அவ்வழக்கை ஊர் மாற்ற நேர்ந்த காரணமும், சிங்கப்பூர்ப் பிரிவை இலாகா மாற்ற நேர்ந்த காரணமும் ஒன்றே. குற்றஞ்சாட்டப்பட்டவரின் அதிகாரம் எட்டாத இடத்தில் விசாரிப்பவர் இருக்க வேண்டும்.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில் (919, 921) பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகவே பெரிதும் பேசப்படுகின்றன. பள்ளிப் பாடத்திலும் முப்பது குடும்பு, ஓலை, குடம் என்பவற்றோடு நின்றுவிடுகிறோம். யார் யார் தேர்வுக்குத் தகுதியற்றவர் என்று அக்கல்வெட்டு கூறும் பகுதியே அதைவிடப் பெருமைக்குரியது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவன் மீண்டும் வர இயலாது. அவனோடு நில்லாமல் அவன் தந்தை, மகன், மருமகன், அத்தை மக்கள் என்று உறவு முறைகளை வரிசையாக எண்ணி, அவர்களையும் விலக்குகிறது அது. அண்மையில் வாரியப் பொறுப்பு வகித்தவனும் மூன்றாண்டு விலகியிருக்க வேண்டும். கணக்குக் காட்டாதவன் வாயிலால் நுழைய முடியாவிட்டால் உறவு என்னும் சன்னலால் நுழைவான் என்பதை ஓர் ஊர்ச்சபை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டு வைத்திருந்தது.

சிங்கப்பூருக்குத் திரும்புவோம். 1959 பொதுத் தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்தபோது, அந்நாளைய கல்வி அமைச்சர் சியூ சுவீ கீ வெளிநாட்டிலிருந்து பெருந்தொகை பெற்றதாக எழுந்த குற்றச்சாட்டு நாட்டை உலுக்கிற்று. அவர் பதவி விலகினார். விசாரணைக் குழு அமர்ந்தது. அவ்வாண்டு மே மாதத் தேர்தலில் மக்கள் செயல் கட்சி பெருவெற்றி பெற்றது. ஜூன் மாதத்தில் லீ குவான் இயூவும் அவர்தம் அமைச்சர்களும் வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காற்சட்டையும் அணிந்து பதவி ஏற்றனர். வெள்ளுடை அணிவது எளிது; ஆனால் ஓராண்டுக்குள், 1960 ஜூன் 17 அன்று, புதிய ஊழல் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே, அதுதான் அவர்கள் சொன்ன சொல்லுக்கு ஈடு வைத்த பொருள்.

இச்சட்டத்தைச் சிறிது நின்று நோக்குவது தகும். இலஞ்சம் வாங்கியவன், தான் வாக்களித்த உதவியைச் செய்யவில்லை என்றோ, செய்யும் அதிகாரமே தனக்கு இல்லை என்றோ கூறித் தப்ப முடியாது. அரசாங்க ஊழியர் ஒருவர், அரசாங்கத்தோடு தொடர்பு வைக்க விழைபவரிடம் பணம் பெற்றதாக மெய்ப்பிக்கப்பட்டால், அது இலஞ்சமே என்று நீதிமன்றம் கொள்ளும்; அன்று என்று காட்டுவது வாங்கியவரின் பொறுப்பு. வருமானத்துக்கு மிஞ்சிய செல்வம் ஒருவரிடம் இருந்து அதற்கு அவர் சரியான விளக்கம் தர இயலாவிட்டால், அதையும் துணைச் சான்றாகக் கொள்ளலாம். தண்டனை ஐந்தாண்டுச் சிறை, பதினாயிரம் வெள்ளி அபராதம் வரை என்று வகுக்கப்பட்டது. அபராதம் 1989-இல் ஓர் இலட்சமாக உயர்ந்தது. வாங்கிய தொகையை அதற்கு மேலும் தண்டமாகக் கட்ட வேண்டும். ஊழியருடைய மனைவி மக்கள், அவருக்காகப் பொருளை வைத்திருப்பவர் எனக் கருதத்தக்கவர் ஆகியோரின் வங்கிக் கணக்குகளைப் பார்க்கவும் அரசாங்க வழக்குரைஞர் ஆணையிடலாம். உத்திரமேரூர்ச் சபையார் இதைக் கேட்டிருந்தால் வியந்திருக்க மாட்டார்கள்.

யாவற்றினும் சிறந்த பிரிவு வேறொன்று. இன்ன தொழிலில் இப்படிக் கொடுப்பது வழக்கம், இஃது ஊர் மரபு என்று சான்று காட்டி எவரும் தப்ப முடியாது. அத்தகைய சான்றை நீதிமன்றம் ஏற்கவே கூடாது என்கிறது அச்சட்டம். தமிழாசிரியர்க்கு இங்கே ஒரு சொல்லாராய்ச்சி காத்திருக்கிறது. இலஞ்சத்தைக் குறிக்க நம்மிடம் கைக்கூலி, கையூட்டு, பரிதானம் எனச் சொற்கள் பல. ஆனால் தெருவில் வழங்குவது ‘மாமூல்’ என்னும் சொல். அரபு மொழியிற் பிறந்து உருது வழியாக நம்மிடம் வந்த அச்சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘வழக்கமானது’ என்பதே! வழக்கம் என்ற பெயரிலேயே குற்றம் ஒளிந்துகொண்டிருக்கிறது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ‘காப்பிக் காசு’ என்றார்கள். காப்பிக்குக் காசு கேட்டால் யார் கோபிப்பார்? தோட்டப்புறங்களில் ஆள் எண்ணிக்கைக்கு ஏற்பக் கங்காணிக்குக் கிடைத்த ‘தலைக்காசு’ நிர்வாகமே அளித்த ஊதியம்; அதனை இலஞ்சம் என்பது தவறு. ஆயினும் தன் கீழ் உழைப்பவனின் தலையை எண்ணிக் காசு பெறும் முறையில் வளர்ந்த சமூகத்துக்கு, உரிமை எது, மாமூல் எது என்று பிரித்தறிவது எளிதாக இருந்திராது. அந்தக் கோட்டைச் சட்டம் ஒரே வரியில் கிழித்துக் காட்டியது.

சட்டம் வலுப்பெற்றது. இனி அப்பிரிவு யாருக்குக் கட்டுப்பட்டது என்ற கேள்வி. முதலிற் பல ஆண்டுகள் அது ஓர் இலாகாவிலிருந்து இன்னோர் இலாகாவுக்கு மாறி மாறிச் சென்றுகொண்டிருந்தது. 1970 வாக்கில் பிரதமர் அலுவலகத்தின் கீழ் நிலைபெற்றது. அமைச்சர் எவரும் தம் இலாகா மீதான விசாரணையைத் தடுக்க இயலாது என்பது இதன் பயன். பயன் வெறும் ஏட்டளவில் நின்றதா என்பதை வழக்குகளே கூறும்.

முன்னாள் தேசிய வளர்ச்சி அமைச்சர் டான் கியா கான் மீது 1966-இல் விசாரணை நடந்தது. விமான நிறுவனம் ஒன்றின் இயக்குநர் குழுவில் அவர் இருந்தபோது, விமானங்கள் வாங்குவது தொடர்பாக எழுந்த குற்றச்சாட்டு அது. நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல ஆள் கிடைக்கவில்லை, வழக்கு இல்லை. ஆனால் அவர் வகித்த பொதுப் பொறுப்புகள் அனைத்தும் பறிக்கப்பட்டன. துணை அமைச்சராக இருந்த வீ டூன் பூனுக்கு 1975-இல் நாலரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது; மேல்முறையீட்டில் அது பதினெட்டு மாதமாகக் குறைந்தது. தொழிற்சங்கத் தலைவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான பே யூ கோக், 1979-இல் வழக்குத் தொடரப்பட்டபின் நாட்டை விட்டு ஓடினார். முப்பத்தைந்து ஆண்டு கழித்து 2015-இல் பாங்காக்கில் உள்ள சிங்கப்பூர்த் தூதரகத்தில் தாமே வந்து சரணடைந்தார். ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். வழக்கு அவருக்காகக் காத்திருந்தது.

குவீன்ஸ்டவுன் வாசிகள் மறக்கக் கூடாத பெயர் டே சியாங் வான். கட்டடக் கலைஞரான அவர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் தொடக்க காலத்திலேயே அதன் பெரும்பணிகளுக்குத் துணை நின்றவர். 1970 முதல் 1979 வரை அதன் தலைமை நிர்வாகி. அடுக்குமாடி வீடுகளில் இன்று வாழும் இலட்சக்கணக்கானோருக்கு அவருடைய உழைப்புக்கு நன்றி சொல்லக் காரணம் உண்டு. 1979-இல் தேசிய வளர்ச்சி அமைச்சரானார். அரசாங்கம் கையகப்படுத்திய நிலத்தில் ஒரு பகுதியைக் கட்டட நிறுவனம் ஒன்று வைத்துக்கொள்ள உதவியதற்கு 1981-இல் 4 இலட்சம் வெள்ளியும், அரசாங்க நிலத்தைத் தனியார் வாங்க உதவியதற்கு 1982-இல் மேலும் 4 இலட்சம் வெள்ளியும் பெற்றார் என்பது குற்றச்சாட்டு. 1986-இல் புலனாய்வுப் பிரிவு அவரை விசாரித்தது. பிரதமரைக் காண அவர் விரும்பினார். விசாரணை முடியும்வரை பார்க்க இயலாது என்று லீ குவான் இயூ மறுத்துவிட்டார். கால் நூற்றாண்டு உடனுழைத்தவரின் முன் கதவு மூடியது. 1986 டிசம்பர் 14 அன்று டே சியாங் வான் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டு, நிகழ்ந்தவை பொதுவில் ஆராயப்பட்டன. வீடு கட்டித் தந்தவர் என்பதற்காக அவர் குற்றத்தை மறைப்பதும், குற்றத்திற்காக அவர் கட்டிய வீடுகளை மறப்பதும் வரலாற்றுக்கு அழகல்ல.

இவ்வழக்கு ஒரு வினாவைக் கூர்மையாக்கியது. அமைச்சரைப் பற்றி விசாரிக்கப் பிரதமர் இசைவு தருகிறார், நன்று. பிரதமரே இசையாவிட்டால்? அல்லது பிரதமர் மீதே புகார் எழுந்தால்? 1991-இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் அதிபர் பதவி உருவானபோது இதற்கும் விடை எழுதப்பட்டது. பிரதமர் அனுமதி மறுத்தாலும், அதிபர் தம் சொந்த முடிவின்படி இசைந்தால், பிரிவின் இயக்குநர் விசாரணையை நடத்தலாம். போலீஸ் இலாகாவிலிருந்து வெளியேறிய மேசை, இலாகா இலாகாவாக அலைந்து, பிரதமர் அலுவலகத்தில் இளைப்பாறி, அங்கிருந்தும் அதிபர் மாளிகைக்கு ஒரு பக்கக் கதவு வைத்துக்கொண்ட கதை இது. வைத்து முடிக்க நாற்பது ஆண்டு ஆயிற்று.

இந்த வழி பிற நாட்டாரையும் ஈர்த்தது. 1968-இல் ஹாங்காங் அரசாங்கம் ஒரு குழுவைச் சிங்கப்பூருக்கும் இலங்கைக்கும் அனுப்பி அந்நாடுகளின் சட்டங்களை ஆராய்ந்து வரச் செய்தது. இலங்கையின் 1954-ஆம் ஆண்டு இலஞ்சச் சட்டம் அந்நாளில் ஆசியாவில் மதிப்புப் பெற்றிருந்தது என்பதை ஈழத்து வாசகர்கள் பெருமையோடும் சிறிது வருத்தத்தோடும் நினைப்பர். ஹாங்காங்கில் 1971-இல் புதிய சட்டம் வந்தது. ஆனால் விசாரிக்கும் பொறுப்பைப் போலீசாரிடமே விட்டார்கள். 1973-இல் பீட்டர் காட்பர் என்ற உயர் போலீஸ் அதிகாரி, கணக்குக் காட்ட முடியாத செல்வத்தோடு விசாரணையின் நடுவிலேயே நாட்டை விட்டு ஓடினார். மாணவர்கள் வீதியில் திரண்டனர். 1974-இல்தான் அங்கே தனி ஆணையம் பிறந்தது. 1977-இல் சினங்கொண்ட போலீசார் அவ்வாணையத்தின் அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து கலகம் செய்தனர் என்றால், வேலியைப் பெயர்த்து நடுவது எத்துணை வலி தரும் செயல் என்பது விளங்கும்.

இலஞ்சத்தைப் பொறுத்தவரை சிங்கப்பூர் தனித் துப்பறிவாளரையும் பொது நீதிமன்றத்தையும் வைத்தது. குண்டர் கும்பல்களைப் பொறுத்தவரை அது வேறு வழியே சென்றது. இதனைச் சொல்லாமல் விட்டால் வரலாறு பாதியாகும். இரகசியச் சங்கங்கள் அந்நாட்டில் பழமையானவை. 1877-இல் சீனர் பாதுகாப்பு அலுவலகம் அமைத்து வில்லியம் பிக்கரிங் அவற்றைக் கட்டுப்படுத்த முயன்றார். 1890 முதல் அவை சட்ட விரோதமாயின. தடையால் அவை அழியவில்லை, மறைந்தன. போருக்குப் பின் கடைக்காரரிடமும் கூலிக்காரரிடமும் பாதுகாப்புப் பணம் பறித்தன. சாட்சி சொல்ல யாரும் வாய் திறவார். ஆகவே 1955-இல் ‘தற்காலிக ஏற்பாடு’ என்ற பெயரோடு வந்த குற்றவியல் சட்டத்தை 1958-இல் விரித்து, இரகசியச் சங்கத்தாரை வழக்கின்றியே காவலில் வைக்க வகை செய்தனர். ஆணையை ஆலோசனைக் குழு ஒன்று மறுபரிசீலனை செய்யும்; ஆனால் வெளிப்படையான நீதிமன்ற விசாரணை கிடையாது. அத்தற்காலிகச் சட்டம் நாடாளுமன்றத்தில் தவணை தவணையாக நீட்டிக்கப்பட்டு எழுபதாண்டுகளை எட்டிவிட்டது. அவ்வாறு பிடிபட்டோரை உழைப்பால் திருத்தலாம் என்று 1960-இல் பூலாவ் செனாங் தீவில் திறந்த வெளிக் குடியிருப்பு அமைத்தார்கள். 1963 ஜூலை 12 அன்று அங்கே கலகம் மூண்டது. கண்காணிப்பாளர் டேனியல் டட்டனும் அவருடைய துணை அலுவலர்களும் கொல்லப்பட்டனர். 1965-இல் பதினெண்மர் தூக்கிலேறினர். அதன் பின்னர் 1966-இல் குவீன்ஸ்டவுனில் விளக்கமறியற் சிறை எழுந்தது. அச்சிறைக்குச் சென்ற வீதிக்கு ‘ஜாலான் பெஞ்சாரா’ என்று பெயர். மலாய் மொழியில் ‘சிறை வீதி’ என்பது பொருள். இன்று அச்சிறை இல்லை.

சாட்சியின் அச்சம் என்ற ஒரே நோய்க்கு இருவகை மருந்து. அமைச்சர் மீதான புகாருக்குச் சாட்சி இல்லையேல் வழக்கில்லை. தெரு முனையிலே பணம் பறித்தவனுக்குச் சாட்சி இல்லையேல் வழக்கில்லாமலே காவல். கும்பல்கள் ஒடுங்கியதும் தெருக்கள் அமைதி பெற்றதும் உண்மை. ஆயினும் ஏழை எளியவர் வாழ்ந்த குப்பங்களிலிருந்தே இரண்டாவது மருந்தை உண்டவர்கள் பெரும்பாலும் வந்தார்கள் என்பதை நடுநிலையாளர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

காவலரைக் காக்கும் காவலரும் மனிதரே. 2013-இல் புலனாய்வுப் பிரிவின் உதவி இயக்குநர் ஒருவரே, அப்பிரிவின் பணத்தில் பதினேழு இலட்சம் வெள்ளிக்கு மேல் கையாடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். 2014-இல் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். பல ஆண்டுகளாக நடந்த கையாடல் அது. அவர்மேல் வழக்கு நடந்ததும் பொது நீதிமன்றத்திலேதான்.

அண்மைக் காலத்து வழக்கு தமிழ் வாசகர்களுக்கு மனவேதனை அளித்த ஒன்று. போக்குவரத்து அமைச்சராக இருந்த எஸ். ஈஸ்வரன் பற்றிப் பிரிவின் இயக்குநர் 2023 ஜூலை 5 அன்று பிரதமர் லீ சியன் லூங்கிடம் தெரிவித்து, முறையான விசாரணைக்கு இசைவு கேட்டார். மறுநாள் இசைவு கிடைத்தது. ஜூலை 11 அன்று அமைச்சர் கைது செய்யப்பட்டார். 2024 ஜனவரியில் அவர் பதவி துறந்தார். விளையாட்டு, இசை நிகழ்ச்சிகளின் நுழைவுச் சீட்டுகள், மதுவகை, மிதிவண்டி எனப் பெற்ற பொருள்களின் மதிப்பு ஏறத்தாழ 4 இலட்சம் வெள்ளி. 1951-இல் பொங்கோலிற் போன அபினின் விலையும் அதுவே. எழுபது ஆண்டில் வெள்ளியின் மதிப்புத்தான் குறைந்துவிட்டது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் முதலிற் சுமத்திய குற்றச்சாட்டுகளை அரசாங்கத் தரப்பு பின்னர்த் திருத்தி, தண்டனைச் சட்டத்தின் 165-ஆம் பிரிவின் கீழ்க் கொண்டுவந்தது. தம் அலுவலோடு தொடர்புடையவரிடமிருந்து அரசாங்க ஊழியர் விலையின்றி மதிப்புள்ள பொருள் பெறுவதைக் குற்றமாக்கும் பிரிவு அது. கைம்மாறாக எதையும் செய்ததாக மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. நீதிக்கு இடையூறு செய்ததாக ஒரு குற்றச்சாட்டும் சேர, 2024 செப்டம்பர் 24 அன்று அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அரசாங்கத் தரப்பு ஆறு முதல் ஏழு மாதச் சிறை கேட்டது. எதிர்த்தரப்பு எட்டு வாரத்துக்கு மேற்படாமல் வேண்டியது. அக்டோபர் 3 அன்று உயர் நீதிமன்ற நீதிபதி வின்சன்ட் ஹூங் பன்னிரண்டு மாதம் விதித்தார்.

அந்த 165-ஆம் பிரிவு, 1871-இல் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த பழைய சட்டத்தின் பிரிவுதான். பிறந்த நாட்டில் அதன் உடன்பிறப்பை 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் தண்டனைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. புகுந்த நாட்டில் அது நூற்றைம்பது ஆண்டு ஏட்டிலே கிடந்து, லெங்கோக் பாருவிலிருந்து சென்ற கோப்பு ஒன்றுக்குக் கைகொடுத்தது.